ரிப்போர்ட் நார்மல் என்றால் ஊசி போடலாமா?

கேள்வி, 8 ஜூன் 2025

என் தம்பிக்கு 22 வயது. மாவட்ட ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறான். ஜிம் மாஸ்டர் தசை ஏற ஒரு ஸ்டீராய்டு கோர்ஸ் போடச் சொல்கிறார்: வாரம் இரண்டு சஸ்டனான் ஊசி, ஒரு டெக்கா ஊசி, தினமும் டையனபால் மாத்திரை. "முன்னாடி ஒரு பிளட் டெஸ்ட், நடுவுல ஒண்ணு, முடிச்சதும் ஒண்ணு. நார்மலா இருந்தா பயமே இல்ல" என்கிறார். வீட்டில் நான் மட்டும்தான் வேண்டாம் என்று நிற்கிறேன். டெஸ்ட் பார்த்துப் போட்டால் உண்மையிலேயே ஆபத்து இல்லையா?

8 ஜூன், இரவு

ஆபத்து இருக்கிறது. அந்த டெஸ்ட்டை எடுக்கிற வேலையில் இருப்பதால் நேராகவே சொல்கிறேன். திருப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, விடிகாலையில் ஜிம். இரண்டு பக்கமும் பழக்கம்.

ஜிம் பையன்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே பேக்கேஜ்: ஈரலுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், சர்க்கரை, ரத்த அணுக்கள். இதில் இதயத் தசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த மருந்துகள் ஆளைக் கொல்வது முக்கியமாக இதயம் வழியாகத்தான்.

அளவையும் பாருங்கள். சஸ்டனான் 250 என்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் போதுமான அளவு சுரக்காத ஆண்களுக்கான மருந்து. வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. உங்கள் தம்பிக்கு அதே மூன்று வாரத்தில் ஆறு ஊசி, அதுவும் சுரப்பு நன்றாக இருக்கிற வயதில். அதற்கு மேல் டெக்கா, அதற்கும் மேல் மாத்திரை.

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் ஆரம்பிக்க விடாதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

9 ஜூன்

இதயத்துக்கு வருகிறேன்.

2017-ல் அமெரிக்காவில் ஆரன் பாகிஷ் என்ற இதய மருத்துவரும் அவர் குழுவும் எடை தூக்கிப் பயிற்சி செய்கிற 140 ஆண்களைச் சோதித்தார்கள். 86 பேர் ஸ்டீராய்டு போட்டவர்கள், 54 பேர் போடாதவர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. போடாதவர்களுக்கு அது சராசரியாக 63. போட்டவர்களுக்கு 52. சோதனை நடந்த நேரத்தில் மருந்தில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 49. துடிப்புக்கு நடுவே தளர்ந்து ரத்தம் வாங்கிக்கொள்ளும் திறனும் குறைந்திருந்தது. இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவு அதிகம். இவர்கள் யாரும் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இல்லை. தினமும் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

டென்மார்க்கில் ஜிம்களுக்குள்ளேயே ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்கும். அதில் ஸ்டீராய்டுக்காகத் தடை வாங்கிய 1,189 ஆண்களைச் சராசரியாக 11 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதே வயதுள்ள மற்ற ஆண்களை விட இவர்களிடம் இறப்பு 2.8 மடங்கு. மாரடைப்பு 3 மடங்கு. இதயத் தசை நோய் ஏறக்குறைய 9 மடங்கு. இந்த 1,189 பேரும் மேடை ஏறிய சாம்பியன்கள் என்று நினைத்துவிடாதீர்கள், சாதாரண ஜிம் உறுப்பினர்கள்.

டல்லஸ் மெக்கார்வர் பெயரைத் தம்பி நிச்சயம் கேள்விப்பட்டிருப்பான். அமெரிக்கத் தொழில்முறை பாடி பில்டர், 2017 ஆகஸ்டில் 26 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய இதயம் 833 கிராம் இருந்தது. வளர்ந்த ஆணின் இதயம் 300, 350 கிராம் இருக்கும். ஸ்டீராய்டு கைத்தசையை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்ப்பதில்லை. இதயமும் தசைதான். அது தடிக்கிறது, உள்ளே இடம் குறைகிறது, நடுநடுவே நார் விழுகிறது, அந்த நார்ப் பகுதியில் மின்னோட்டம் தடுமாறித் துடிப்பு ஒழுங்கு கெடுகிறது.

9 ஜூன், மாலை

"அப்படியானால் எக்கோ எடுத்துவிட்டுப் போடுகிறோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் தெரியும், உண்மை. ஆனால் இன்று எடுத்த எக்கோ இன்றைக்குத்தான் பதில் சொல்லும், பன்னிரண்டு வாரம் கழித்து என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. தவிர, நிறையப் பேர் ஒரு கோர்ஸோடு நிற்பதில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், அது தனிக் கதை.

12 ஜூன்

ஈரல், சிறுநீரகம் பற்றி நிறையக் கேள்விகள். இங்கேதான் மாஸ்டர்கள் சொல்வதில் பாதி உண்மை கலந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கனமாக லெக்ஸ் அடித்துவிட்டு திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தால் ஊசி எதுவும் போடாதவருக்கும் இரண்டும் ஏறியிருக்கும், ஒரு வாரம் வரை கூட இறங்காது. "அது ஒர்க்அவுட்னால வர்றதுடா" என்று மாஸ்டர் சொன்னால் அது நடக்கக்கூடியதுதான். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. உண்மையிலேயே ஈரல் கெடும்போதும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். பிரித்துப் பார்க்க ஜிஜிடி, பிலிருபின், சிகே மூன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிகே மட்டும் ஏறி ஜிஜிடி, பிலிருபின் சரியாக இருந்தால் தசை. ஜிஜிடியோ பிலிருபினோ ஏறினால் ஈரலைப் பார்த்தே ஆக வேண்டும். ஜிம் பேக்கேஜில் ஜிஜிடி இருப்பது அபூர்வம்.

ஈரலைப் பொறுத்தவரை ஊசியை விட மாத்திரை மோசம். டையனபால், ஸ்டானசோலால், ஆக்சிமெத்தலோன் எல்லாம் ஈரல் சீக்கிரம் உடைத்துவிடாதபடி மூலக்கூறை மாற்றிச் செய்தவை. அந்த மாற்றம்தான் ஈரலைப் புண்ணாக்குகிறது. பித்தம் தேங்கி மஞ்சள்காமாலை, ஈரலுக்குள் ரத்தம் நிரம்பிய குழிகள், கட்டிகள். ஆஸ்திரியப் பாடி பில்டர் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996 மார்ச் தொடக்கத்தில் ஒஹையோவில் அர்னால்ட் கிளாசிக் போட்டி மேடையில் நின்றார். மார்ச் 14 அன்று மியூனிக்கில் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்து இறந்தார். வயது 31. ஈரல் முழுக்கக் கட்டிகள். அவ்வளவு கட்டியோடு ஒருவர் இரண்டு வாரத்துக்கு முன்னால் உலக மேடையில் சிரித்துக்கொண்டு போஸ் கொடுக்க முடிந்திருக்கிறது. எனக்கு அதுதான் மனதை விட்டுப் போகாத விஷயம். வெளியே ஒன்றும் தெரியாது.

கிரியேட்டினினும் இதே கதை. தசை அதிகமென்றால் கிரியேட்டினின் இயல்பாகவே கொஞ்சம் கூட இருக்கும். 1.4 என்று வந்தால் அது தசையா, சிறுநீரகமா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சிஸ்டேட்டின் சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதைத் தசை பெரிதாகப் பாதிக்காது. கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு போட்டு சிறுநீரில் புரதம் போன 10 பாடி பில்டர்களின் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 9 பேருக்கு வடிகட்டிகளில் தழும்பு. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குப் புரதக் கசிவு குறைந்தது. ஒருவர் மறுபடி ஆரம்பித்தார், நோயும் திரும்பி வந்தது.

15 ஜூன்

"அர்னால்ட் போட்டார், 77 வயதிலும் நன்றாகத்தானே இருக்கிறார்."

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எனக்கும் அவரைப் பிடிக்கும், நான் ஜிம்முக்குள் கால் வைத்ததே அவர் படம் சுவரில் இருந்ததால்தான். அவரே சொன்ன கணக்கு: வாரம் 100 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், நாளைக்கு மூன்று டையனபால். உங்கள் தம்பியின் மாஸ்டர் எழுதிக் கொடுத்ததில் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் இதைப் போல் ஐந்து மடங்கு, அதுவும் முதல் கோர்ஸிலேயே. அர்னால்டுக்கு 1997-ல் இதய வால்வு அறுவை சிகிச்சை, 2018, 2020-லும் திரும்ப நடந்தது, 2024-ல் பேஸ்மேக்கர். அவருடைய வால்வுக் கோளாறு பிறவியிலேயே வந்தது, அதை ஸ்டீராய்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் "அவருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று வாதாடவும் அந்த உடம்பு சரியான உதாரணம் இல்லை.

தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டுவதை விட எல்லோரையும் எண்ணிப் பார்ப்பது மேல். போன மாதம் ஐரோப்பிய இதயவியல் இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. 2005 முதல் 2020 வரை போட்டிகளில் கலந்துகொண்ட 20,286 ஆண் பாடி பில்டர்கள். 121 பேர் இறந்திருந்தார்கள், சராசரி வயது 45. அதில் 38 சதவீதம் திடீர் இதய மரணம். அமெச்சூர்களை விடத் தொழில்முறைக்காரர்களுக்கு அந்த ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல். அத்தனையும் ஸ்டீராய்டால் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. தண்ணீர் கட் செய்வது, கடும் டயட், உடம்பின் எடை எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த மேடையில் இவை ஒன்றை விட்டு ஒன்று வருவதில்லை.

15 ஜூன்

ஒன்று விட்டுப்போனது. ரத்தத்தின் தடிப்பு. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். நேற்று ஒரு பையனின் மாதிரியை இயந்திரத்தில் சுற்றி எடுத்தபோது குழாயில் பாதிக்கு மேல் சிவப்பாகவே இருந்தது, ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம், 57. ஆண்களுக்கு 50 வரை இயல்பு. ஊசியில் இழுக்கும்போதே வெல்லப்பாகு மாதிரி மெதுவாக ஏறியது என்று ரத்தம் எடுத்த அக்கா சொன்னார். அவனுக்கு நல்ல கொழுப்பு, அதாவது எச்டிஎல், 14. 40-க்கு மேல் இருக்க வேண்டியது. தடித்த ரத்தமும் படிவு பிடித்த தமனியும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பையன் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டான். டாக்டரிடம் காட்டச் சொல்லி வாசல் வரை போய்ச் சொன்னேன்.

21 ஜூன்

இன்று எழுதப் போவதை கல்யாணமானவர்களும் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்களும் படிக்க வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தை இல்லை என்று வந்த ஒரு கணவன் மனைவி. அந்தப் பெண் மடியில் தடித்த பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவருடைய ஸ்கேன்கள், ஹார்மோன் ரிப்போர்ட்டுகள், கருக்குழாய் அடைப்பு பார்க்க எடுத்த எக்ஸ்ரே. எல்லாம் சரியாகவே இருந்தன. சஷ்டி விரதம் இருப்பதால் காலையில் சாப்பிடவில்லை என்றார். கணவருக்கு சட்டைக் கை கிழிகிற மாதிரி கை. அவருக்கு ஒரு டெஸ்ட்டும் அதுவரை எடுக்கவில்லை. அந்த உடம்பைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது, மாமியாருக்குச் சுத்தமாகத் தோன்றவில்லை.

விந்து மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒன்றுமே இல்லை. இயந்திரத்தில் சுற்றி, அடியில் படிந்ததை எடுத்து வைத்தாலும் இல்லை. கொஞ்ச நாள் விட்டு இரண்டாவது மாதிரி, அதிலும் இல்லை. விதைக்கு உத்தரவு கொடுக்கிற ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

நடப்பது இதுதான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து கொட்டும்போது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி "போதும்" என்று எல்எச், எஃப்எஸ்எச்சை நிறுத்திவிடும். அவை நின்றால் விதைப்பைக்கு உத்தரவு வராது. சொந்த டெஸ்டோஸ்டிரோன் நிற்கும், விந்தணு நிற்கும், விதை சுருங்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏராளமாக இருக்கும், விதைக்குள் வறட்சி. ஆண்மை கூடும் என்று நம்பிப் போடுகிற ஊசி இது.

அந்தப் பெண் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "இதை அத்தைகிட்ட காட்டலாமா?" என்று மட்டும் கேட்டார். தாராளமாகக் காட்டலாம் என்றேன். காட்டினாரா என்று தெரியாது. காட்டியிருக்க வேண்டும் என்று இப்போதும் விரும்புகிறேன்.

23 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நான்கு பேர் தனியாகக் கேட்டார்கள், விந்தணு திரும்ப வருமா என்று. பெரும்பாலானவர்களுக்கு வரும். நிறுத்திய பிறகு சில மாதங்கள், சிலருக்கு ஒன்று இரண்டு வருடம். எத்தனை வருடம் போட்டார், எவ்வளவு போட்டார் என்பதைப் பொறுத்தது. சிலருக்கு முழுதாக வருவதில்லை. டெக்கா கொழுப்பில் தங்கி மிக மெதுவாக வெளியேறும், அதன் கழிவு ஒரு வருடத்துக்கு மேலும் சிறுநீரில் பிடிபடும்.

எக்கோ பற்றிய குறிப்பில் "தனிக் கதை" என்று விட்டது இதுதான். நிறுத்தியதும் சொந்தச் சுரப்பு உடனே எழுந்து வராது. நடுவில் ஒரு பள்ளம். அந்த வாரங்களில் தூக்கம் கெடும், தாம்பத்திய ஆசை போகும், கண்ணாடியில் தசை வற்றுவது தெரியும், மனம் இருண்டுவிடும். சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும். பையன் அதைத் தாங்க முடியாமல் அடுத்த கோர்ஸுக்குப் போகிறான். ஆசைப்பட்டுப் போகிறான் என்று வீட்டில் நினைக்கிறார்கள், பாதி நேரம் அந்தப் பள்ளத்துக்குப் பயந்துதான் போகிறான். வீட்டில் இருப்பவர்கள் நிறுத்தச் சொல்வதோடு நிற்காமல் அந்த மாதங்களில் அவன் கூடவே இருங்கள். திட்டாதீர்கள். பேச்சு குறைந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மார்பு வீக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். ஆண்களுக்கு மார்புக் காம்புக்குக் கீழே கட்டியாகத் தடிக்கும். நாள்பட்டால் மாத்திரைக்குக் கரையாது, அறுவை சிகிச்சைதான்.

பெண்கள் போட்டால் குரல் தடிக்கும். அது திரும்பாது. வளர்ச்சி முடியாத பள்ளிப் பையன்கள் போட்டால் எலும்பின் நுனி சீக்கிரம் மூடி உயரம் அதோடு நின்றுவிடும்.

29 ஜூன்

போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் பற்றி யாருமே கேட்கவில்லை. நான் பார்த்ததிலேயே பயந்தது அதற்குத்தான்.

கூட்டாளி ஒருவனுக்குத் துணையாக ஒரு மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து எல்லோரும் படுத்திருந்தார்கள். உடம்பெல்லாம் பூசிய பழுப்புச் சாயம், உதடு வெடித்திருந்தது. முந்தின நாளிலிருந்து தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவே நீர் வற்றினால்தான் கோடு கோடாகத் தெரியும் என்று லேசிக்ஸ் என்ற நீரிறக்கி மாத்திரை போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பையனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, அப்புறம் தொடை, அப்புறம் வயிறு. கத்தக்கூட வாய் வறண்டுபோயிருந்தது. மாஸ்டர் காலை நீவிவிட்டு "வாழைப்பழம் கொடு, பொட்டாசியம் ஏறும்" என்றார். ஆம்புலன்ஸ் கூப்பிட நான் சத்தம் போட வேண்டியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான்.

லேசிக்ஸ் பொட்டாசியத்தை இழுத்து வெளியே தள்ளும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீரிறக்கி பொட்டாசியத்தை உள்ளே தேக்கும். இரண்டையும் கலந்து போட்டுவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று பொட்டாசியம் மாத்திரையும் விழுங்குகிறார்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அந்த நேரத்தில் பொட்டாசியம் எங்கே நிற்கிறது என்று எந்த மாஸ்டராலும் சொல்ல முடியாது. கூடினாலும் குறைந்தாலும் இதயம் நிற்கும். 1992-ல் நெதர்லாந்தில் முகமது பெனாசிசா என்ற பாடி பில்டர் போட்டியில் ஜெயித்த சில மணி நேரத்தில் இறந்தார், காரணம் நீர் வற்றியது. 1996 மிஸ்டர் ஒலிம்பியாவில் நீரிறக்கி மருந்துக்குப் பரிசோதனை வைத்ததற்கு இந்தச் சாவுகளும் ஒரு காரணம்.

4 ஜூலை

ஊசி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு.

மெஃபென்டெர்மின். முதுகில் மயக்க ஊசி போடும்போது ரத்த அழுத்தம் விழுந்தால் ஏற்றுவதற்கு அறுவை அரங்கில் கொடுப்பது. இதை "பவர் வரும்" என்று ஒர்க்அவுட்டுக்கு முன்னால் நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது ஸ்டீராய்டே இல்லை, ஊக்கி வகை. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், பழக்கமாகிவிடும், மனப்பிரமை வரும். ஏற்கெனவே ஸ்டீராய்டால் தடித்த இதயத்தின் மேல் இதையும் ஏற்றுகிறார்கள். ஊசி பகிர்ந்துகொள்வதால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி வேறு.

இன்னொன்று, எடை ஏற என்று கடைகளில் தருகிற பசி மாத்திரை. சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் இருக்கும். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் வேறு குடும்பம். அதில் ஏறுவது நீரும் கொழுப்பும், முகம் உப்பும், தசை உண்மையில் கரையும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு ஆள் மயங்கி விழலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

13 ஜூலை

38 வயதுக்காரர் ஒருவர், பத்து வருடம் விட்டுவிட்டுப் போட்டதாகவும் இப்போது நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

அண்ணா, முதலில் எக்கோவும் ஈசிஜியும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை இந்த வாரமே. ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். ரத்தத்தில்: ஹெமடோகிரிட், கொழுப்பு, ஜிஜிடி, பிலிருபின், சிஸ்டேட்டின் சி. சிறுநீரில் புரதம். ஈரலுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட், மாத்திரை நிறையப் போட்டதாகச் சொல்வதால். டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச் மூன்றுக்கும் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். முந்தைய ஒரு வாரம் எடை தூக்க வேண்டாம், எஸ்ஜிஓடியும் சேர்த்துப் பார்த்தால் அது குழப்பும்.

ரிப்போர்ட்டுகளோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. சுரப்பை மீட்க ஜிம்மில் கொடுக்கிற மாத்திரைகளை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், முதலில் எண்கள் தெரிய வேண்டும். டாக்டரிடம் மருந்துப் பெயர்களை ஒன்று விடாமல் சொல்லுங்கள். போலீசுக்குப் போகும் என்று பயப்படுகிறீர்கள், உங்கள் ரகசியத்தைக் காப்பது அவர் கடமை. டாக்டர் உங்கள் மனைவியை வெளியே உட்காரச் சொன்னால் அந்த நேரத்தில் விந்தணு பற்றியும் கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள்.